ஆறு மாதம் படித்தால் நர்ஸ் ஆகிவிடலாமா?

குமரி மாவட்ட மருத்துவமனைகளில் வார்டு சிஸ்டராகவும் பிறகு நர்சிங் சூப்பரிண்டெண்டாகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நர்சிங் அசிஸ்டெண்ட் வேலை பற்றியவை.

கேள்வி: பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் படித்தேன். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் ஆறு மாத நர்சிங் டிப்ளமோ இருக்கிறது. 45,000 ரூபாய் ஃபீஸ். அரசு அங்கீகாரம் உண்டு, வேலை நிச்சயம் என்கிறார்கள். யூனிஃபார்மும் வெள்ளைத் தொப்பியும் அவர்களே தருவார்களாம். இதைப் படித்தால் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாமா, சிஸ்டர்? (வாசகி, திருவட்டார்)

சொல்லிக்கொள்ள முடியாது மக்ளே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் பேசுவோம்.

பள்ளிப் படிப்பை முடித்த பெண் நர்ஸ் ஆவதற்கு மூன்று படிப்புகள்தான் உண்டு. ஏ.என்.எம். என்ற துணை நர்ஸ்-தாதி படிப்பு இரண்டு வருடம், ஜி.என்.எம். என்ற பொது நர்சிங்-தாதி படிப்பு மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். மூன்றுமே இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த பாடத்திட்டம். கவுன்சில் ஏற்றுக்கொண்ட பள்ளியிலோ கல்லூரியிலோ நேரில் போய்ப் படித்து, வார்டில் நின்று பழகி, தேர்வு எழுதி, கடைசியில் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண் இருந்தால் நர்ஸ். இல்லாவிட்டால் கையில் என்ன டிப்ளமோ இருந்தாலும் நர்ஸ் இல்லை. ஆறு மாதப் படிப்புக்கு அந்தக் கவுன்சில் எண் கொடுக்காது.

அதற்காக ஆறு மாதப் படிப்பே மோசடி என்று சொல்லவில்லை. நர்சிங் அசிஸ்டெண்ட் என்பது தனி வேலை, தேவையான வேலை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, பெட் பேன் வைப்பது, ஊட்டிவிடுவது, காய்ச்சலும் நாடியும் பார்த்துக் குறிப்பது, ஸ்கேனுக்கு வீல்சேரில் கூட்டிப்போவது, எத்தனை மில்லி குடித்தார், எத்தனை மில்லி சிறுநீர் போனது என்று எழுதி வைப்பது எல்லாம் அதில் அடங்கும். இந்த வேலைக்கு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட்’ என்று பெயர். பாடத்தையும் தேர்வையும் வகுப்பது ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சில். சில மாதப் பயிற்சிதான், சேர எந்த வகுப்பு பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்று மையத்தில் கேட்டுக்கொள். பிரதமர் கௌஷல் விகாஸ் திட்டத்தின் மையங்களில் சேர்ந்தால் ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் இலவசப் பயிற்சிகள் நடத்துகிறது. 45,000 ரூபாயைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன்னால் நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒரு நடை போய், இப்போது எந்த மையத்தில் பயிற்சி நடக்கிறது என்று கேட்டுவிடு. பஸ் காசுதான் செலவு.

‘அரசு அங்கீகாரம்’ என்கிறார்களே, அதைத் துருவிக் கேள். டிரஸ்ட்டைப் பதிவு செய்த எண்ணையும் ஐ.எஸ்.ஓ. சர்டிபிகேட்டையும் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்து அதையே அங்கீகாரம் என்பவர்கள் இருக்கிறார்கள். டிரஸ்ட் பதிவு என்றால் டிரஸ்ட் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். போன வருடம் முடித்த பிள்ளையின் சர்டிபிகேட் ஒன்றைக் காட்டச் சொல். அடியில் யார் கையெழுத்து, எந்த அமைப்பின் பெயர் என்று பார். பிராக்டிகல் எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை வாரம், அந்த ஆஸ்பத்திரி கொடுத்த கடிதம் எங்கே என்று கேள். பிளாஸ்டிக் பொம்மையை மட்டும் வைத்துச் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், வார்டில் முதல் நாளே தெரிந்துவிடும். உன்னுடைய ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடு.

தொப்பி பற்றி ஒரு வார்த்தை. இப்போது பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் நர்சுகளே தொப்பி போடுவதில்லை. இன்ஸ்டிடியூட் போஸ்டரில்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

நர்ஸ் ஆக வேண்டும் என்பதுதான் உன் ஆசை என்றால் ஏ.என்.எம்.மைப் பார். பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவர்களும் சேரலாம், 17 வயதிலிருந்து 35 வரை, பெண்களுக்கு மட்டும். கிராம சுகாதார நர்ஸ் வேலைக்குப் போவது இந்தப் படிப்பை வைத்துத்தான். ஏ.என்.எம். பதிவு இருந்தால் பிறகு ஜி.என்.எம். சேரலாம், ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர்கள் இரண்டு வருடப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம். என் வார்டில் ஏ.என்.எம்.மாக வந்து, படிப்படியாகப் படித்து, எனக்கு மேலே போய் உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு. பி.எஸ்சி.க்கு மட்டும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம், அது உனக்கு ஒத்துவராது. ஜி.என்.எம்.முக்கு எந்தக் குரூப்பும் படித்திருக்கலாம் என்று கவுன்சில் விதி சொன்னாலும், சயின்ஸ் படித்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. விண்ணப்பிக்கும் முன் அந்தப் பள்ளியின் பிராஸ்பெக்டஸைப் படித்துவிடு.

ஆறு மாதப் படிப்பில் ஒரு சிக்கல் என்னவென்றால் அதற்கு மேலே படி கிடையாது. பத்து வருடம் அசிஸ்டெண்டாக இருந்தாலும் அந்த அனுபவம் ஒருத்தியை நர்ஸ் ஆக்காது. வீட்டில் இரண்டு வருடம் சமாளிக்க முடியும் என்றால் ஏ.என்.எம். படி. உடனே சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்ற நிலைமை என்றால் இலவசப் பயிற்சியில் சேர்ந்து அசிஸ்டெண்ட் வேலைக்குப் போ. இரண்டில் எதுவானாலும் மரியாதையான வேலைதான். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அந்த ‘நர்சிங் டிப்ளமோ’வைத்தான் விட்டுவிடச் சொல்கிறேன்.

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறேன். அப்பாவுக்குக் கடல் தொழில், எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. நர்சிங் அசிஸ்டெண்ட் வேலைக்கு ஆண்களை எடுப்பார்களா? இண்டர்வியூவில் என்ன கேட்பார்கள்? (வாசகர், குளச்சல்)

எடுப்பார்கள் தம்பி, தேடி எடுப்பார்கள். கேஷுவாலிட்டியிலும் எலும்பு முறிவு வார்டிலும் தூக்கிப் புரட்ட ஆள் வேண்டும். ஆண் நோயாளிகளைக் குளிப்பாட்டவும் சவரம் செய்யவும் ஆண் அசிஸ்டெண்ட் இருந்தால் அவர்களுக்கும் கூச்சம் இல்லை, எங்களுக்கும் நிம்மதி.

மற்ற ஆஸ்பத்திரிகளில் எப்படியோ, நான் இண்டர்வியூ எடுத்தபோது சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு நேரே வார்டுக்குக் கூட்டிப்போய்விடுவேன். “இந்தத் தாத்தாவின் மூச்சை எண்ணிச் சொல்லு” என்பேன். பாதிப் பேர் தாத்தாவிடம், “மூச்சை எண்ணப் போறேன், சாதாரணமா விடுங்க” என்பார்கள். அத்தோடு கணக்குப் போச்சு. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு சாதாரணமாக வராது. தெரிந்த பையன் என்ன செய்வான் தெரியுமா? மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணுவான். எண்ணி முடித்த பிறகும் கையை விடமாட்டான். நாடி பார்ப்பது போலவே பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சில் வைத்து, ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுவான். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருந்தால் சரி. 28, 30 என்று வந்தால் எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது, அப்போதே சிஸ்டரிடம் ஓட வேண்டும். அவனுக்கு அந்த இடத்திலேயே வேலை.

அடுத்து, எழுந்திருக்க முடியாத நோயாளியைப் படுக்கையில் வைத்துக்கொண்டே விரிப்பு மாற்றச் சொல்வேன். ஒரு பக்கமாகப் புரட்டி, பழைய விரிப்பை முதுகோரம் வரை சுருட்டி, புதியதைப் பாதி விரித்து, மறுபக்கம் புரட்டி இழுக்க வேண்டும். இழுக்கும்போது ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது. அந்தச் சுருக்கத்தின் மேல் நாள் முழுக்கப் படுத்தால் தோல் சிவக்கும். படுக்கைப் புண்ணின் ஆரம்பம் அந்தச் சிவப்புதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் இடுப்புக்குக் கீழே வால் எலும்பு இருக்கும் இடம், குதிகால், முழங்கை, காதின் பின்புறம் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் சிவப்பு மறைந்து திரும்ப வருகிறதா, மறையாமல் அப்படியே நிற்கிறதா என்று பார். மறையவில்லை என்றால் சிஸ்டரைக் கூப்பிடு. டாக்டர் ரவுண்ட்ஸ் வருவது காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். இடைப்பட்ட நேரத்தில் அந்த முதுகைப் பார்ப்பது நீ மட்டும்தான்.

வாய்க்கேள்விகளும் உண்டு. நோயாளி பாத்ரூமில் விழுந்துவிட்டால் என்ன செய்வாய்? கையைப் பிடித்து இழுத்து எழுப்புவேன் என்பவனுக்கு மார்க் கிடையாது. எலும்பு உடைந்திருக்கலாம், அசைக்காமல் பக்கத்தில் இருந்துகொண்டே சத்தம் கொடுத்து சிஸ்டரை வரவழைக்க வேண்டும். டிரிப் மெதுவாக இறங்குகிறது, கொஞ்சம் வேகமாக வை என்று கூட இருப்பவர்கள் கெஞ்சினால்? தொடக்கூடாது, சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவருக்குக் கஞ்சி கொடுக்கும்போது? நிமிர்த்தி உட்காரவைத்து, நன்றாக இருக்கும் பக்கத்து வாயில், சிறு கரண்டியில், விழுங்கினாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டதும் படுக்கவைக்கக்கூடாது, அரை மணி நேரமாவது சாய்ந்து உட்காரட்டும். சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை எங்கே தொங்க வேண்டும்? நோயாளியின் அடிவயிற்றில் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல்.

குப்பை வாளிகளின் நிறத்தையும் மனப்பாடம் செய்துகொள், எல்லா ஆஸ்பத்திரியிலும் கேட்பார்கள். 2016-ஆம் ஆண்டு விதிப்படி, ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளில். டிரிப் குழாய், சிறுநீர்ப் பை, கையுறை சிவப்பில். ஊசியும் பிளேடும் குத்தினால் துளையாத வெள்ளை டப்பாவில். கண்ணாடி மருந்துக் குப்பிகள் நீலத்தில். வேலையில் சேரும் முன் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. ஆஸ்பத்திரியே போடும் என்று காத்திருக்காதே.

நம் மாவட்டத்தில் இந்த வேலைக்கு எப்போதும் கிராக்கி உண்டு. ஆசாரிபள்ளத்தில் மருத்துவக் கல்லூரி வருவதற்கு எவ்வளவோ காலம் முன்னாலேயே நெய்யூரிலும் நாகர்கோவிலிலும் மிஷன் ஆஸ்பத்திரிகள் இருந்தன. எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல், 1922-ஆம் ஆண்டுப் பயணம் முடிந்து நெய்யூரைப் பார்க்க வந்தவர், நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கும் தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று எங்கே திரும்பினாலும் ஆஸ்பத்திரி. ஒன்றில் கிடைக்காவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக் கேட்கலாம்.

கேள்வி: எனக்கு 38 வயது. அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை செய்துகொண்டிருந்தேன், அதைப் பூட்டிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு பாஸ். இந்த வயதில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகலாமா? திருவனந்தபுரத்தில் ஹோம் நர்ஸ் வேலை இருக்கிறது என்று ஒரு ஏஜென்சி கூப்பிடுகிறது. (வாசகி, கருங்கல்)

தங்கச்சி, ஏ.என்.எம். படிக்க வயது தாண்டிவிட்டது. அசிஸ்டெண்ட் வேலைக்கு தாராளமாகப் போகலாம். நாள் முழுக்கக் குந்தியிருந்து அண்டி தோடு உடைத்த முதுகு என்பதால் ஒன்று மட்டும் கேட்கிறேன், முதுகு வலி உண்டா? இருந்தால் ஆர்த்தோ வார்டு வேண்டாம். டயாலிசிஸ், கண் ஆஸ்பத்திரி, ஓ.பி. போன்ற இடங்களில் தூக்கிப் புரட்டும் வேலை குறைவு.

அரசு ஆஸ்பத்திரி வேலைகளுக்கு இரண்டு வாசல். நிரந்தர வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி. ஒப்பந்த வேலைக்கு மாவட்ட நலவாழ்வு சங்கம். சங்கத்தின் அறிவிப்பு கன்னியாகுமரி மாவட்ட இணையதளத்தில் வரும். ஒவ்வொரு அறிவிப்பிலும் படிப்பும் வயதும் தனியாகப் போட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள். ஆளைப் பிடித்து வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறீர்களா? 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கும் பெண் தன்னார்வலர்களைக் குழுக்களிலிருந்துதான் எடுத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து வையுங்கள்.

ஹோம் நர்ஸ் வேலையில் சம்பளம் பரவாயில்லை, தங்க இடமும் சாப்பாடும் உண்டு. ஆனால் வார்டில் என்றால் பக்கத்தில் சிஸ்டர் இருப்பார், வீட்டில் நீங்கள் தனி. போவதற்கு முன்னால் நோயாளிக்கு என்ன நோய், நடப்பாரா, டியூப் இருக்கிறதா, ராத்திரி எத்தனை தடவை எழுப்புவார் என்று அந்த வீட்டாரிடமே போனில் கேளுங்கள். ஏஜென்சிக்காரர் எல்லாரையும் “ஒரு அம்மச்சி, பேச்சுத் துணைக்குத்தான்” என்பார். போனால் அம்மச்சி எண்பது கிலோ இருப்பார். சம்பளம் உங்கள் கணக்கில் எந்தத் தேதியில் வரும், ஏஜென்சி எவ்வளவு பிடிக்கும், மாதம் எத்தனை நாள் லீவு என்பதை எழுதி வாங்குங்கள். சமையலும் துணி துவைப்பதும் நோயாளிக்கு மட்டுமா, வீட்டுக்கே சேர்த்தா என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். பெரும்பாலான சண்டை அதில்தான் வருகிறது.

கேள்வி: ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் அசிஸ்டெண்டாக இருக்கிறேன். பயிற்சி எதுவும் இல்லாமல் நேரே சேர்ந்தவள். ராத்திரியில் நர்ஸ் ஒருவர்தான், அவரும் பல நாள் வருவதில்லை. ஊசி போடு, டிரிப் மாற்று என்கிறார்கள். நன்றாகவே போடுகிறேன், இதுவரை பிரச்சினை இல்லை. இந்த அனுபவத்தை வைத்து நர்ஸ் சர்டிபிகேட் வாங்க முடியுமா? (பெயர் வேண்டாம், நாகர்கோவில்)

முடியாது, ஊசியையும் இன்றோடு நிறுத்துங்கள். கோபப்படாமல் கேளுங்கள். கை நன்றாக ஓடுகிறது என்பதை நம்புகிறேன். ஊசி குத்துவதைப் பழகிவிடலாம். அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் நோயாளிக்கு மூச்சு முட்டினால் அடுத்த இரண்டு நிமிடத்தில் என்ன செய்வது என்பதற்குத்தான் வருடக்கணக்கில் படிப்பு. ஏதாவது ஆகிவிட்டால் ஊசி போட்டது யார் என்று போலீஸ் கேட்கும். உங்களிடம் பதிவு எண் கிடையாது. “நாங்கள் போடச் சொல்லவில்லை” என்று ஆஸ்பத்திரி ஒரு வரியில் முடித்துவிடும்.

முகத்தில் அடித்தது போல மறுக்க வேண்டாம். “டிரே எல்லாம் எடுத்து வைக்கிறேன் டாக்டர், ஊசி நீங்க போடுங்க, இல்லைன்னா சிஸ்டரைக் கூப்பிடுங்க” என்று ஒவ்வொரு முறையும் அதே வார்த்தையைச் சொல்லுங்கள். அப்படியும் வற்புறுத்தினால் வேறு இடம் பாருங்கள், உங்களைப் போல வேலை தெரிந்தவருக்கு இடம் கிடைக்கும். பயன்படுத்திய ஊசி எப்போதாவது குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், பிதுக்கக்கூடாது. உடனே டாக்டரிடம் சொல்லி, தாமதிக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

உங்கள் அனுபவத்துக்கு ஒரு பயன் இருக்கிறது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சர்டிபிகேட் கொடுக்கும் முறை திறன் பயிற்சித் திட்டத்தில் உண்டு, ஆர்.பி.எல். என்பார்கள். முழுப் படிப்பையும் திரும்பப் படிக்க வேண்டாம், சின்னப் பயிற்சியும் தேர்வும்தான். அதை எழுதினால் ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட் என்று முறையான காகிதம் கையில் இருக்கும், அடுத்த ஆஸ்பத்திரியில் சம்பளம் பேசத் தைரியம் வரும்.

பேசும்போது இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அது உண்டு. உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம்தான், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்ட வேண்டும். நோயாளிகளோடு புழங்குகிற நமக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் அசிஸ்டெண்ட் பயிற்சிக்குப் போகிறேன் என்கிறாள். மலம் அள்ளும் வேலைக்கா பிள்ளையை வளர்த்தோம் என்று இவள் அப்பா கத்துகிறார். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் என்ன சொல்வது? (தாய், தக்கலை)

ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல்லுங்கள். அப்பாவுக்குப் பிரஷர் உண்டா? கத்துகிறவருக்கு இருக்கும். மகள் பயிற்சி முடித்து வந்ததும் முதல் பி.பி. அவருக்குப் பார்க்கட்டும். டீ குடித்த உடனே பார்க்க வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும்.

கேள்வி: குவைத்தில் ஆஸ்பத்திரியில் நர்சிங் அசிஸ்டெண்ட் விசா என்று ஊர்க்காரர் ஒருவர் இரண்டு லட்சம் கேட்கிறார். போகலாமா? (வாசகி, கொல்லங்கோடு)

இரண்டு லட்சம் என்றதுமே எனக்குச் சந்தேகம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்த ஏஜெண்டாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவரும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு கட்டணம் வாங்கக்கூடாது. அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள், மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். எண் இல்லாத ஊர்க்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் வழியாகப் போக வேண்டாம். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே முதலில் விசாரியுங்கள்.

விசா நகலையும் வேலை ஒப்பந்தத்தையும் பணம் கொடுக்கும் முன்பே வாங்கி, தொழில் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று அரபி படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். உங்கள் ஊரில் வளைகுடா போய் வந்தவர் இல்லாத தெரு இருக்காது. ஆஸ்பத்திரி பெயர் இல்லாமல் வீட்டுப் பணியாளர் என்று இருந்தால், போய் இறங்கியதும் ஒரு வீட்டுச் சமையல்கட்டில்தான் நிற்க வேண்டியிருக்கும். விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றாலும் வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.